ஓடைத் தண்ணீரில் கரண்ட்: பெல்டனா, திருப்பிப் போட்ட பம்பா, இல்லை சோலாரே போதுமா?

சித்தப்பாவின் தோட்டம் தாண்டிக்குடிக்குக் கீழே, ஜீப் நிற்கிற இடத்திலிருந்து முக்கால் மணி நேரம் இறங்கி நடந்தால் வரும். காப்பி, மரங்களில் ஏற்றிவிட்ட மிளகு, சரிவில் மலைவாழை. ஒரு வீடு, வேலை பார்க்கும் இரண்டு குடும்பங்களுக்கு ஆளுக்கொரு அறை, காப்பிப் பழம் உரிக்கும் பல்ப்பர் ஷெட் ஒன்று. கரண்ட் மட்டும் கிடையாது. பல்ப்பருக்கு டீசல் இன்ஜின், விளக்குக்கு ஒரு சின்ன சோலார் பேனல், அதுவும் கார்த்திகை மாதம் மூடுபனி இறங்கிவிட்டால் ஏழு மணிக்கே கண்ணை மூடிக்கொள்ளும். வீட்டுக்குப் பின்னால் வருஷம் முழுக்க ஓடை சலசலவென்று ஓடுகிறது, நாம் மெழுகுவத்தி வாங்கிக்கொண்டு வருகிறோம். "ஏன்டா தம்பி, பைக்காராவில் எடுக்கிறான், மேட்டூரில் எடுக்கிறான், இதில எடுக்க முடியாதா?" என்று அவர் கேட்டதில் ஆரம்பித்தது எல்லாம்.

முடியும். ஆனால் எப்படி எடுப்பது என்பதில்தான் ஒன்றரை வருஷம் போனது. ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஈ.பி. லைனையே இழுத்துவிடு என்றார் ஒருவர். சோலாரைப் பெரிதாகப் போட்டு பேட்டரி வை என்றார் இன்னொருவர். கோயம்புத்தூரில் மோட்டார் கட்டும் நண்பர், ஒரு மோனோபிளாக் பம்பைத் திருப்பி ஓட்டினால் அதுவே டர்பைன் (தண்ணீர் தள்ளிச் சுற்றும் சக்கரம்), எதற்குத் தனியாகச் செலவு என்றார். லேத் பட்டறைக்காரர் ஒருவர் கிராஸ்ஃப்ளோ என்ற வகை டர்பைனை நானே செய்து தருகிறேன் என்று படம் வரைந்தே காட்டிவிட்டார். நான் பெல்டன் என்ற இன்னொரு வகை டர்பைன் பக்கம். எல்லாவற்றையும் கணக்குப் போட்டுப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன், இதே நிலைமையில் மலையில் தோட்டம் வைத்திருக்கும் யாருக்காவது உதவும்.

முதலில் ஒரே ஒரு கணக்கு. விநாடிக்கு ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு மீட்டர் இறங்கினால் அதில் இருப்பது கிட்டத்தட்ட 10 வாட் (சரியாகச் சொன்னால் 9.81). அவ்வளவுதான். எத்தனை லிட்டர், எத்தனை மீட்டர், பெருக்கிப் பத்தால் பெருக்கு, பைப்பிலும் சக்கரத்திலும் ஜெனரேட்டரிலும் போகிற நஷ்டத்துக்குப் பாதியைக் கழி, மிச்சம்தான் கையில் கிடைக்கும் கரண்ட். சிங்காராவில் இருக்கிற பைக்காரா பவர் ஹவுஸுக்கும் இதே கணக்குத்தான், சித்தப்பாவின் ஓடைக்கும் இதே கணக்குத்தான்.

இந்தக் கணக்கு தெரிந்தால் ஃபோனில் வரும் பாதி வீடியோக்களைப் பார்க்காமல் தள்ளிவிடலாம். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வரும் பைப்பில் ஒரு குட்டி டர்பைனைச் சொருகினால் வீட்டுக்கே கரண்ட் என்று காட்டுகிறார்களே, 1000 லிட்டர் தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் அதில் உள்ள மொத்தச் சக்தியும் 27 வாட் மணி. ஒரு 9 வாட் பல்பு மூன்று மணி நேரம் எரியும், அதுவும் நஷ்டமே இல்லாவிட்டால். அந்தத் தண்ணீரை மேலே ஏற்ற மோட்டார் தின்ற கரண்ட் இதைவிட இரண்டு மூன்று மடங்கு.

சரி, மீட்டருக்கு வருவோம். இறங்கும் உயரத்தை ஹெட் என்பார்கள், போர்வெல் மோட்டார் வாங்கப் போனால் கடைக்காரர் "எத்தனை ஹெட்?" என்று கேட்பாரே, அதே ஹெட். ஃபோனில் உயரம் காட்டும் ஆப்பை வைத்து அளந்தபோது எங்களுக்கு 85 மீட்டர் வந்தது. சந்தோஷப்பட்டோம். அப்புறம் கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற டியூபில் தண்ணீர் நிரப்பி, ஆள் உயரத்துக்கு ஆள் உயரம் குச்சி நட்டுக் குச்சி நட்டு ஒரு நாள் முழுக்க இறங்கி அளந்தால் 62. நம்பிக்கை வராமல் பழைய தோட்டத்து ஹோஸை மேலிருந்து கீழே வரைக்கும் போட்டுத் தண்ணீர் நிரப்பி, கீழே ஒரு பிரஷர் கேஜ் மாட்டினோம். முள் ஆறு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே போய் நின்றது. பத்து மீட்டருக்கு ஒரு கிலோ, ஆக 62 சரிதான். அந்தப் பொய்யான 23 மீட்டரை நம்பி டர்பைனுக்கு ஆர்டர் கொடுத்திருந்தால் சக்கரத்தின் அளவே தப்பாகப் போயிருக்கும்.

லிட்டரை அளப்பது அதைவிட சுலபம், ஆனால் எப்போது அளப்பது என்பதில்தான் ஏமாறுவோம். ஐப்பசியில் போய்ப் பார்த்தால் எல்லா ஓடையும் நீலகிரியின் குந்தா ஆறு மாதிரிதான் இருக்கும். நாங்கள் மார்கழியில் ஒரு தடவை, பங்குனிக் கடைசியில் ஒரு தடவை அளந்தோம். மண் மூட்டையை அடுக்கித் தண்ணீரை ஒரு பைப் வழியாக வரவைத்து, மார்கழியில் 200 லிட்டர் டிரம்மை வைத்தோம், அரை நிமிஷத்துக்குள் நிரம்பியது, அதாவது விநாடிக்கு ஆறரை ஏழு லிட்டர். பங்குனியில் 20 லிட்டர் பெயிண்ட் பக்கெட் நிரம்ப ஆறு விநாடிக்குக் கொஞ்சம் குறைவு; மூன்றரை லிட்டர். அதில் ஒரு லிட்டரை ஓடையிலேயே விட்டுவிடுவது என்று முடிவு. டர்பைன் தண்ணீரைக் குடித்துவிடாது, கீழே போய்த் திரும்ப ஓடையில்தான் சேரும், ஆனால் எடுக்கிற இடத்துக்கும் விடுகிற இடத்துக்கும் நடுவில் ஓடை காய்ந்துவிடக் கூடாது, அங்கே மீனும் நண்டும் இருக்கின்றன, மாடும் தண்ணீர் குடிக்க வருகிறது. ஆக நம் கணக்குக்கு மழைக்காலத்தில் 6 லிட்டர், கோடையில் இரண்டரை லிட்டர்.

பெருக்கிப் பாருங்கள். 6 லிட்டர், 62 மீட்டர்: 3650 வாட் தண்ணீரில் இருக்கிறது, கைக்கு வருவது 1900 சுமார். கோடையில் 1500 வாட்டுக்குப் பாதி, 750. "இவ்வளவுதானா?" என்று சித்தப்பாவுக்கு முகம் வாடிவிட்டது. ஒரு இண்டக்‌ஷன் அடுப்பே 2000 வாட் கேட்கும், உண்மைதான். ஆனால் இது 24 மணி நேரமும் வரும் 750. ஒரு நாளைக்கு 18 யூனிட், அதுவும் மோசமான மாதத்தில். மழைக்காலத்தில் 45 யூனிட். அந்த வீட்டுக்கும் இரண்டு அறைகளுக்கும் ஃப்ரிட்ஜ், விளக்கு, டி.வி., மிக்ஸி எல்லாம் சேர்த்து ஏழு யூனிட் தாண்டாது.

இப்போது டர்பைன். எது நல்ல டர்பைன் என்று கேட்பதில் அர்த்தமே இல்லை, எத்தனை ஹெட்டுக்கு எது என்றுதான் கேட்க வேண்டும். தமிழ்நாட்டு மின்வாரியத்தின் பவர் ஹவுஸ்களையே வரிசையாகப் பார்த்தால் இது புரிந்துவிடும். 1932-ல் ஓட ஆரம்பித்த பைக்காராவில் தண்ணீர் 900 மீட்டருக்கு மேல் இறங்குகிறது. அந்த அழுத்தத்தில் தண்ணீரை ஒரு முனை வழியாக வெளியே விட்டால் மணிக்கு 450 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் கம்பி மாதிரி பாயும். அதை ஒரு சக்கரத்தின் விளிம்பில் வரிசையாக மாட்டியிருக்கும் கிண்ணங்களில் அடிக்கவிடுகிறார்கள். அதுதான் பெல்டன். ஒவ்வொரு கிண்ணமும் நடுவில் கத்தி முனை மாதிரி ஒரு வரப்பு வைத்து இரண்டாகப் பிரிந்திருக்கும், இரண்டு இளநீர் மட்டையை ஒட்டிவைத்தது போல. தண்ணீர் அந்த வரப்பில் பட்டு இரண்டாகப் பிளந்து, கிண்ணத்தைச் சுற்றி வந்த வழியே திரும்பும். திரும்பும்போது தன் வேகத்தை எல்லாம் சக்கரத்துக்குக் கொடுத்துவிட்டு சோர்ந்துபோய்க் கீழே விழும். மேட்டூர் அணையில் சில பத்து மீட்டர்தான் இறக்கம், ஆனால் தண்ணீர் ஏராளம், அங்கே ஃபிரான்சிஸ்: நத்தைக்கூடு மாதிரி வளைந்த உறைக்குள் தண்ணீர் சுற்றி வந்து சக்கரத்தை முழுக்க மூழ்கடித்து ஓட்டும். மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என்று காவிரிக்குக் குறுக்கே வரிசையாகக் கதவணைகள் இருக்கின்றனவே, அங்கே இறக்கம் சில மீட்டர், ஆறே உள்ளே போகிறது. அதற்குக் கப்பல் விசிறி மாதிரி இருக்கும் பல்ப் டர்பைன், ஒவ்வொன்றும் 15 மெகாவாட், கதவணைக்கு இரண்டு. ஹெட் அதிகம், தண்ணீர் கொஞ்சம் என்றால் பெல்டன். ஹெட் கொஞ்சம், தண்ணீர் அதிகம் என்றால் விசிறி. நடுவில் ஃபிரான்சிஸ். சின்ன அளவில் ஃபிரான்சிஸின் இடத்தைப் பம்பும் கிராஸ்ஃப்ளோவும் பிடித்துக்கொள்கின்றன.

கிராஸ்ஃப்ளோவை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் எங்களுக்கு அது ஒத்துவரவில்லை, கெட்டது என்பதால் அல்ல. இரும்புக் குழாயை நீளவாக்கில் கீறி எடுத்த பட்டைகளை இரண்டு வட்டத் தகடுகளுக்கு நடுவில் அடுக்கிப் பற்றவைத்தால், அணில் கூண்டு மாதிரி ஒரு உருளை. தண்ணீர் ஒரு பக்கம் நுழைந்து பட்டைகளைத் தள்ளி, நடுவே குறுக்காகப் போய், எதிர்ப் பக்கம் வெளியேறும்போது இன்னொரு தடவை தள்ளும். வெல்டிங் தெரிந்த பட்டறையில் செய்யலாம், சின்னச் சருகு வந்தாலும் கக்கிவிடும், தண்ணீர் குறைந்தாலும் சுமாராக ஓடும். நேபாள மலைக்கிராமங்களில் அது அவ்வளவு பரவியதற்கு இதுதான் காரணம். ஆனால் விநாடிக்கு 6 லிட்டருக்கு 62 மீட்டரில் கிராஸ்ஃப்ளோ செய்தால் உருளையின் அகலம் விரல் அகலத்துக்கு வந்து நிற்கும், அதில் துல்லியமாகப் பட்டை வைத்துப் பற்றவைக்கிற ஆள் யாரையும் நான் பார்த்ததில்லை. 15 மீட்டர் இறக்கமும் 40 லிட்டர் தண்ணீரும் இருந்திருந்தால் நான் அந்தப் படம் வரைந்த பட்டறைக்காரர் காலில் விழுந்திருப்பேன்.

பம்புக்கும் பெல்டனுக்கும்தான் உண்மையான போட்டி.

பம்பைத் திருப்பி ஓட்டுவது ஏமாற்று வேலை இல்லை, உலகம் முழுக்கச் செய்கிறார்கள். நம் கடம்பாறை பவர் ஹவுஸில் இருக்கும் நான்கு 100 மெகாவாட் இயந்திரங்களும் இதே தத்துவம்தான். கரண்ட் மிஞ்சுகிற நேரத்தில் மேல் ஆழியாறிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் பம்பு, தேவைப்படும்போது அதே தண்ணீரை இறக்கி ஓடும் டர்பைன். நம் அளவுக்கு ஒரு மோனோபிளாக் பம்பின் வெளியேறும் வாயில் தண்ணீரைத் திணித்தால், உறிஞ்சும் வாய் வழியாக வெளியே வரும், மோட்டார் பின்னால் சுற்றும், கெப்பாசிட்டர் கட்டினால் அதுவே ஜெனரேட்டர். பழுதானால் ஒட்டன்சத்திரத்திலேயே பேரிங்கும் சீலும் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் கழற்றி மாட்டுவார். விலையிலும் பெல்டனைவிட வெகு குறைவு. பாதி மனசு அதன் பக்கம்தான் இருந்தது.

மனசு மாறியது பங்குனிக் கணக்கைப் போட்டபோது. பம்புக்கு ஒரே ஒரு தண்ணீர் அளவுதான் பிடிக்கும். 6 லிட்டருக்குப் பார்த்து வாங்கிய பம்பில் இரண்டரை லிட்டர் விட்டால் கரண்ட் பாதியாகக் குறையும் என்று நினைக்காதீர்கள், சுத்தமாக நின்றுவிடும், தன் உராய்வைத் தாண்டிச் சுற்றவே தெம்பு இருக்காது. டர்பைனில் இருக்கும் வழிகாட்டி இதழ்கள், தண்ணீருக்குத் தக்கபடி திறந்து மூடுபவை, பம்பில் கிடையாது. அப்போ கோடைக்கென்று இரண்டரை லிட்டருக்கு வாங்கினால்? வருஷம் முழுக்க 750 வாட்டிலேயே நிற்கும், மழைக்காலத் தண்ணீர் பக்கத்தில் வீணாகப் போகும். இரண்டு பம்பு வைத்து மாற்றி மாற்றி ஓட்டலாம் என்று மோட்டார் நண்பர் சொன்னார், அது நல்ல யோசனைதான், ஆனால் அங்கே விலை வித்தியாசம் போய்விடுகிறது. உங்கள் ஊற்று வருஷம் முழுக்க ஒரே அளவு வரும் என்றால், பேசாமல் பம்பு. எங்களுடையது அப்படியில்லை.

பெல்டனில் இந்தத் தொல்லை இல்லை. சக்கரத்துக்கு இரண்டு முனை வைத்தோம், ஒவ்வொன்றிலும் 11 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான துளை, மூன்று மூன்று லிட்டர். தண்ணீர் குறைந்தால் ஒரு வால்வை மூடு, அவ்வளவுதான். கிண்ணத்தில் ஒரு தண்ணீர்க் கம்பி அடித்தாலும் இரண்டு அடித்தாலும் சக்கரத்துக்கு ஒரே வேகம்தான், ஏனென்றால் வேகத்தைத் தீர்மானிப்பது ஹெட், லிட்டர் அல்ல. பங்குனியில் அந்த ஒரு முனையையும் கழற்றி 10 மில்லிமீட்டர் முனையாக மாற்றினால் இரண்டரைக்கு வந்துவிடும். இன்னொரு அதிர்ஷ்டமும் இருந்தது. 60 மீட்டரில் தண்ணீர் வெளியே வரும் வேகம் விநாடிக்கு 33 மீட்டர், கிண்ணம் அதில் பாதிக்குச் சற்றுக் குறைவான வேகத்தில் ஓடினால்தான் முழுச் சக்தியும் கிடைக்கும், அந்த வேகத்துக்கு 20 சென்டிமீட்டர் சக்கரம் நிமிஷத்துக்கு 1500 சுற்று சுற்றும். நாலு துருவ (pole) மோட்டாருக்கு 50 ஹெர்ட்ஸ் வர வேண்டுமானால் அதே 1500. பெல்ட் வேண்டாம், கியர் வேண்டாம், சாஃப்டிலேயே நேராக மாட்டிவிட்டோம். ஹெட் 30 ஆக இருந்திருந்தால் இந்தச் சுகம் கிடைத்திருக்காது.

ஜெனரேட்டராக நாங்கள் போட்டதும் சாதாரண 5 எச்.பி. த்ரீ ஃபேஸ் மோட்டார்தான். அதன் சுருள்களுக்குக் குறுக்கே கெப்பாசிட்டர் கட்டி, 1500-க்குக் கொஞ்சம் மேலே சுற்றிவிட்டால் தன்னாலே வோல்டேஜ் எழும்பும். இலங்கை மலையகத்துக் கிராமங்களிலும் சின்ன நீர்மின் திட்டங்களை இப்படி மோட்டாரை ஜெனரேட்டராக்கித்தான் ஓட்டியிருக்கிறார்கள். பிரஷ் இல்லை, தேய ஒன்றும் இல்லை, ஷார்ட் ஆனால் வோல்டேஜ் தானாகவே விழுந்துவிடும். ஆனால் ஒரு குறை உண்டு, பெரிய மோட்டாரை இதில் ஸ்டார்ட் பண்ண முடியாது. 2 எச்.பி. பல்ப்பர் மோட்டார் கிளம்பும்போது ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும், அந்த நொடியிலேயே நம் ஜெனரேட்டர் கையைத் தூக்கிவிடும். இதற்கு நாங்கள் கண்டுபிடித்த வழி பழைய வழி: சாஃப்டின் மறுமுனையில் ஒரு கப்பி மாட்டி, பெல்ட்டில் பல்ப்பரை நேராக ஓட்டுவது. வெள்ளைக்காரன் காலத்துத் தேயிலை ஆலைகளில் தண்ணீர்ச் சக்கரத்திலிருந்து ஆலை முழுக்க ஒரே சாஃப்டை இழுத்துப் பெல்ட்டில் இயந்திரங்களை ஓட்டினார்கள், கரண்டாக மாற்றித் திரும்ப மோட்டாரில் சுற்றலாக மாற்றும் இரண்டு நஷ்டமும் அதில் இல்லை. காப்பி அறுவடையும் கார்த்திகை, மார்கழி, தை. ஓடையில் தண்ணீர் நிறைய இருக்கும் அதே மாதங்கள்.

பைப்பைப் பற்றிச் சொல்லாமல் போனால் தப்பு, மொத்தச் செலவில் பாதிக்கு மேல் அதற்குத்தான் போயிற்று. 240 மீட்டர். கடைக்காரர் 63 மில்லிமீட்டர் போதும், 6 லிட்டர் தாராளமாகப் போகும் என்றார். போகும்தான். ஆனால் உராய்வுக் கணக்கைப் போட்டால் அந்தச் சின்னப் பைப்பில் 20 மீட்டர் ஹெட் போய்விடுகிறது, மூன்றில் ஒரு பங்கு. 110 மில்லிமீட்டர் போட்டால் நஷ்டம் ஒன்றரை மீட்டருக்குள். 63 வாங்கியவர் வாழ்நாள் முழுக்க மூன்றில் ஒரு பங்கு கரண்டை பைப்புக்குக் கப்பம் கட்டுவார். அப்புறம் 6 கிலோ பைப்பா 10 கிலோ பைப்பா என்றால், நிற்கும் அழுத்தமே 6.2 கிலோ, யாராவது கீழே வால்வைச் சட்டென்று மூடினால் தண்ணீர் முட்டி அது இன்னும் ஏறும், ஆக கீழ்ப்பகுதி முழுக்க 10 கிலோ, மேல்பாதிக்கு மட்டும் 6 கிலோ. பைப்பை மண்ணுக்குள் புதைக்க வேண்டும் என்று நான் சொன்னேன், பாறை அதிகம், அப்புறம் பார்க்கலாம் என்றார் சித்தப்பா, முதல் மாதமே காட்டுமாடு ஒன்று மிதித்து ஒரு லெங்த் உடைந்தது. இப்போது புதைத்தாகிவிட்டது.

சோலாருக்கு வருவோம், ஏனென்றால் சமவெளியில் இருப்பவர்கள் இவ்வளவையும் படித்துவிட்டு 'இத்தனை பாட்டுக்கு நாலு பேனல் போட்டுவிட்டுப் போகலாமே' என்றுதான் நினைப்பார்கள். நியாயம்தான். 3 கிலோவாட் பேனல் நல்ல வெயில் நாளில் 12 யூனிட் தரும், அந்த வீட்டுக்கு அது போதும். நகரும் பாகம் இல்லை, சருகு அடைக்காது, பைப் இல்லை. ஆனால் இந்த மலையில் ஐப்பசி, கார்த்திகையில் மூன்று நாள் தொடர்ந்து சூரியனைப் பார்க்காமல் இருப்பது சாதாரணம், அப்போது அதே பேனல் நாலில் ஒரு பங்குகூடத் தராது, அந்த மூன்று நாளையும் தாங்க பேட்டரி பெரிதாக வேண்டும், லெட் ஆசிட் பேட்டரி என்றால் நாலைந்து வருஷத்தில் மாற்ற வேண்டும், மாற்றுவது என்றால் ஆளுக்கொன்றாகத் தலையில் சுமந்து முக்கால் மணி நேரம் இறங்க வேண்டும். லித்தியம் நீண்ட நாள் வரும், விலை தலையைச் சுற்றும். ஓடைக்குப் பேட்டரியே தேவையில்லை, இரவும் ஓடுகிறது. ஓடை இளைக்கிற மாசி, பங்குனியில் வெயில் கொளுத்துகிறது, வெயில் இல்லாத கார்த்திகையில் ஓடை பொங்குகிறது; இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி. அதனால் பழைய சின்னப் பேனலைக் கழற்றவில்லை, ஒரு சின்ன பேட்டரியோடு அது பாட்டுக்கு இருக்கிறது, டர்பைனை நிறுத்தி வேலை பார்க்கும் நாளில் விளக்குக்கு அதுதான்.

ஓடை இல்லாத இடத்தில் இருப்பவர்களும், ஓடை இருந்தும் 10 மீட்டருக்குக் கீழே ஹெட் உள்ளவர்களும் சோலாரையே போட்டுக்கொள்ளுங்கள் என்பது என் அபிப்பிராயம். ஒன்றரை மீட்டர் இறக்கத்தில் தொட்டி கட்டிச் சுழல் வைத்து ஓட்டும் டர்பைனைப் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அதில் 700 வாட் எடுக்க விநாடிக்கு 100 லிட்டர் வேண்டும். அவ்வளவு ஓடினால் அது ஓடை இல்லை, வாய்க்கால்.

ஈ.பி. லைன்? கடைசிக் கம்பத்திலிருந்து தோட்டத்துக்கு நடுவில் காட்டு நிலம் வருகிறது, கம்பம் நட அனுமதி, செலவு, காத்திருப்பு. அதெல்லாம் கிடைத்தாலும் முதல் காற்று மழையில் சில்வர் ஓக் ஒன்று கம்பியில் சாயும், லைன்மேன் வர ரெண்டு நாள் ஆகும், அவரைக் குறை சொல்ல முடியாது, அவரும் நடந்துதான் வர வேண்டும். ரோட்டோரம் தோட்டம் இருந்தால் நான் ஈ.பி.க்குத்தான் ஓட்டுப் போட்டிருப்பேன், வெல்டிங் முதல் மோட்டார் வரை எதையும் யோசிக்காமல் போடலாம்.

ஓடை விஷயத்தில் ஒன்றை மட்டும் முன்னாலேயே செய்துவிடுங்கள். ஓடை பெரும்பாலும் புறம்போக்கு; இரு கரையும் உங்கள் பட்டாவாக இருந்தாலும் தண்ணீர் உங்களுடையதல்ல. கீழே யார் குடிக்க எடுக்கிறார்கள், யார் வாழைக்குப் பாய்ச்சுகிறார்கள் என்று போய்ப் பார்த்து, டர்பைனைக் காட்டி, தண்ணீர் திரும்ப ஓடையில் விழுவதையும் காட்டிவிடுங்கள். எங்கள் வேலை ஆரம்பித்த மறுநாளே கீழ்த்தோட்டத்துப் பெரியவர் தடியோடு ஏறி வந்துவிட்டார். குந்தாவில் ஒரே தண்ணீர் ஒவ்வொரு பவர் ஹவுஸாக இறங்கிப் பில்லூர் வரை வந்து, அப்புறமும் பவானியாக ஓடுகிறது என்று சொன்னோம், அவர் நம்பவில்லை. சக்கரத்துக்கு அடியில் தண்ணீர் கொட்டுவதைப் பார்த்ததும் நம்பிவிட்டு, எங்கள் வீட்டுக்கும் ஒரு கம்பி இழுப்பியா என்று கேட்டார்.

போன ஐப்பசியில் ஓட ஆரம்பித்தது. தொல்லை இல்லாமல் இல்லை. முதல் வாரம் பாதிக் கரண்ட்தான் வந்தது, பைப்பின் மேட்டில் காற்று அடைத்திருந்தது, ஒரு சின்னக் குழாயைக் காற்றுப்போக்கியாக வைத்ததும் சரியானது. மேலே பைப்புக்குத் தண்ணீர் எடுக்கும் தொட்டியின் சல்லடையில் சருகு சேர்ந்துகொண்டே இருக்கும், தினமும் காலையில் ஒருவர் போய் வழித்துவிட்டு வர வேண்டும். காலில் ஏறும் அட்டைக்குச் சம்பளம் தனி. ஒரு தடவை கரண்ட் பாதியாகக் குறைந்ததும் முனையைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே நண்டு.

கடைசியாக எல்லாரும் கேட்கும் ஒன்று: ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு, மிச்சக் கரண்ட் எங்கே போகும்? தண்ணீர் ஒரே மாதிரி அடித்துக்கொண்டே இருக்க, விளக்கை எல்லாம் அணைத்துவிட்டால் சக்கரத்துக்குப் பாரம் போய்விடும், 1500 சுற்றுவது 2700 வரை எகிறும், பேரிங்கும் போகும், எரிகிற பல்பும் வெடிக்கும். பெரிய பவர் ஹவுஸ்களில் கவர்னர் முனையின் ஊசியை நகர்த்தித் தண்ணீரைக் குறைக்கும், தண்ணீர்க் கம்பியையே சக்கரத்தை விட்டுத் திருப்பிவிடத் தகடும் இருக்கும். நம் அளவில் சுலபமான வழி, லோடு கண்ட்ரோலர் என்ற சின்னப் பெட்டி. வீடு எவ்வளவு எடுக்கிறதோ அது போக மிச்சத்தை ஒரு ஹீட்டருக்குத் தள்ளிவிடும், ஜெனரேட்டருக்கு எப்போதும் ஒரே பாரம். அந்த ஹீட்டரைச் சும்மா காற்றில் தொங்கவிடாமல் 200 லிட்டர் டிரம்முக்குள் இறக்கிவிட்டோம். கோடையில் மிஞ்சும் ஐந்நூறு வாட்டே எட்டு மணி நேரத்தில் அந்தத் தண்ணீரை 17 டிகிரி ஏற்றிவிடுகிறது, மழைக்காலத்தில் கைவைக்க முடியாது. மார்கழிக் காலையில் விறகு அடுப்பை மூட்டாமல் வெந்நீரில் குளித்துவிட்டு வந்து, "டீசல் இன்ஜினை யாருக்காவது வித்துடலாமாடா?" என்று சித்தப்பா கேட்டார். பல்ப்பர் பெல்ட் ஒரு சீசன் முழுக்கத் தாங்கட்டும், அப்புறம் விற்கலாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.